திரும்பி வந்த சீர்

மதினி,

இன்று காலை மதுரையில் எனக்கு ஒரு ரோஸ் நிற அங்கியைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். முன்பக்கம் நாடா வைத்தது. எத்தனையோ பேர் போட்டுத் துவைத்து வெளுத்து, மழையில் நனைந்த மத்தாப்புப் பெட்டியின் லேபிள் போல ஆகியிருந்தது. மார்பைப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் பெண்கள்தான் என்று முடிவு செய்து தைத்த துணி அது. தோளில் எனக்குப் பற்றவில்லை. தைத்தவர் தாராளமாக இடம் விட்டிருந்த பகுதியில் வைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

அங்கி கைக்கு வருவதற்கு முன்னால் சின்ன விசாரணை நடந்தது. நர்சம்மா கையில் ஃபைலோடு வந்து, "பேஷண்ட்டை உள்ள வரச் சொல்லுங்க சார், நீங்க அங்கன உக்காருங்க" என்றார். நான்தான் பேஷண்ட் என்றேன். ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபைலைப் பார்த்தார். இரண்டில் ஃபைலைத்தான் அதிகம் நம்பினார் என்று தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "யாருக்கு வந்திருக்கீக?" என்று கேட்டார்.

"எனக்குத்தாங்க."

"எந்த ஊரு?"

"விருதுநகரு."

"அதான்" என்று தலையை ஆட்டினார். எதற்கு அதான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளே படம் எடுக்கிற பெண் நல்ல பிள்ளை. இரண்டு தகட்டுக்கு நடுவே என்னை வைத்து அழுத்தப் பார்த்தாள். "பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே சார்" என்றாள். நான் வருத்தம் தெரிவித்தேன். எப்படியோ கொஞ்சம் தோலைச் சேகரித்து, மூச்சை நிறுத்தச் சொன்னாள். அந்த நிறுத்திய மூச்சில் உங்கள் குரல்தான் கேட்டது. 'ஏலே, ரோஸு ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு. அந்த மீசையை மட்டும் எடுத்துரு.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் ஆடிப்போய், இன்னொரு தடவை எடுக்கவேண்டியதாகிவிட்டது.

வேறு யாராவது இதைப் படித்தால் குழம்பக் கூடாது என்று உறவை ஒரு முறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அப்பாவின் கூடப் பிறந்த தங்கையின் மகள். அந்த வகையில் எனக்கு மதினி. பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டீர்கள். அந்த வகையிலும் மதினி. உங்கள் அம்மா எனக்கு அத்தை. என் அம்மா உங்களுக்கு அத்தை. ஒரே சொல்லை இத்தனை பேருக்கு வைத்து ஓட்டுவது நம் ஆட்களின் சிக்கனம். நாலு பேர் இருக்கிற இடத்தில் என்னைக் 'கொழுந்தனாரே' என்பீர்கள். ஆள் இல்லாத இடத்தில் 'ஏலே'. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நம் வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தொழில். அண்ணனுக்கு விருதுநகரில் வத்தல், பருப்பு மொத்த வியாபாரம். எனக்குச் சிவகாசியில் சின்ன அச்சகம். வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பேன். வாழ்நாளில் பனியைப் பார்க்காத நான், எத்தனை பனிமலைகளை அச்சடித்து அனுப்பியிருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. உங்களுக்கு எம்.புதுப்பட்டியில் உங்கள் அப்பா விட்டுப்போன பட்டாசு ஆபீஸ்; தொழிற்சாலையை நம் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமாகி வந்த பிறகும் அதை நீங்கள் விடவில்லை. மருமகள் தினமும் காலையில் பஸ் ஏறி வெடி ஆபீசுக்குப் போவதை என் அம்மா கடைசி வரை ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் பார்த்தார்.

அங்கே உங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று தெரியும். நாலு மணிக்கு வந்தால் நீங்கள் பேச மாட்டீர்கள். நாலு மணிக்கு ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஷெட்டாகப் போவீர்கள். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் அத்தனை இடைவெளி, நடுவே வேப்பமரம். ஒன்றில் ஏதாவது ஆனால் அது அதோடு நிற்பதற்கு. கலந்த கலவையில் மிச்சம் இருக்கிறதா, தரையில் தூசி கிடக்கிறதா, மூலையில் யாராவது எதையாவது நாளைக்கு ஆகும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பீர்கள். இருந்தால் உடனே நனைத்து அப்புறப்படுத்தச் சொல்வீர்கள். "இன்னைக்குக் கலந்தது இன்னைக்கே முடியணும். மிச்சம் ராத்தங்கப்படாது." அதற்கு நாலு மணி ரவுண்டு என்று பேர். உங்கள் ஆபீசில் ஒரு நாளும் ஒரு பொட்டு அசம்பாவிதம் நடந்ததில்லை. அதிர்ஷ்டம் என்று ஊர் சொன்னது. ரவுண்டு என்று நீங்கள் சொன்னீர்கள்.

சீசன் சமயத்தில் ஏஜெண்டுகளோடு நீங்கள் போனில் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் லேபிள் மாதிரி காட்டுகிற சாக்கில் வந்து உட்காருவேன்.

"அண்ணாச்சி, ஆர்டர் உங்க கையில. ஷெட்டு என் கையில. ஒரு ரூமுக்கு இத்தனை பேருன்னா இத்தனை பேருதான். மரத்தடியில ஆளை உக்காத்தி வச்சு லோடு ஏத்துற சோலி நம்மகிட்ட கிடையாது. ... கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கோங்க. பொங்கலுக்குச் சரியாப் போயிரும்."

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், பிற்பாடு ஒரு பெரிய விஷயத்தை நீங்கள் புரிந்துகொண்டதும், எங்களுக்குப் புரிய வைத்ததும் இதை வைத்துத்தான்.

உங்கள் மார்பில் கட்டி இருக்கிறது என்று தெரிந்து மதுரைக்குப் போன நாள் நினைவிருக்கும். அண்ணன், நீங்கள், கார் ஓட்டிக்கொண்டு நான். அந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ கேன்சர் இருந்திருக்கிறதா என்று கேட்டார்.

"எங்க வீட்ல யாருக்கும் கிடையாது டாக்டர்" என்றான் அண்ணன். "எல்லாம் நல்ல கட்டை."

"எங்க அம்மாவுக்கு இருந்துச்சு" என்றீர்கள்.

"அது அவுக வீடு டாக்டர்."

"அவங்க அம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

"அத்தை. எங்கப்பா கூடப் பிறந்தவுக."

"சொந்தத் தங்கச்சி?"

"ஆமா."

"அப்ப அது எப்படி சார் வேற வீடு?"

அண்ணன் உதவிக்கு என்னைப் பார்த்தான். "கட்டிக் குடுத்துட்டோமே டாக்டர்" என்றான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அண்ணன் பொய் சொல்லவில்லை, மதினி. நம் ஊரில் எந்த ஆணைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே அவளோடு அவள் பசி, காய்ச்சல், சாவு எல்லாம் சம்பந்தி வீட்டுக்குப் போய்விடுகின்றன. தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்த எங்கள் பெரிய அத்தை வயிற்றில் கட்டி வந்து போனாரே, அது தாயில்பட்டிக் கட்டி. உங்கள் அம்மாவுக்கு வந்தது எம்.புதுப்பட்டிக் கட்டி. இரண்டும் எங்கள் அப்பாவோடு ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு வந்தன என்பதை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் விரல் மடக்கிச் சொல்லும் வரை, படித்தவன் என்று பேர் வாங்கிய நானும் சேர்த்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. ஏனென்றால் யாருக்கு வந்ததோ அவர்களை நாங்கள் முன்கூட்டியே வெளியே அனுப்பியிருந்தோம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்பில் செல் பெருகிக்கொண்டே இருக்கும். ஒன்று இரண்டாகும். அது கெட்டதல்ல, வெட்டின விரல் ஆறுவதும் பிள்ளை வளர்வதும் அதனால்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற எழுத்து முழுவதையும் படி எடுக்க வேண்டும். படி எடுக்கும்போது பிழை வரும், சில இடத்தில் அறுந்தும் போகும். அதைப் பார்த்து நிறுத்துவதற்கும், ஒட்டுவதற்கும், ஒட்ட முடியாத செல்லை முடித்துவைப்பதற்கும் சில மரபணுக்கள் இருக்கின்றன. கட்டி வராமல் அடக்கி வைப்பவை. ஒவ்வொன்றும் இரண்டு பிரதி. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. சிலருக்குப் பிறக்கும்போதே ஒரு பிரதி பழுது. இன்னொன்று இருக்கும் வரை வேலை நடக்கும். எங்காவது ஒரு செல்லில் அதுவும் போனால்தான் தொந்தரவு.

நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஷெட்டுக்கு ரெண்டு போர்மேன். எனக்கு ஒருத்தன் பொறந்ததுல இருந்தே லீவு. அப்படித்தான டாக்டர்?" என்றீர்கள்.

"அப்படித்தான்."

"அப்ப இந்த ஹார்மோன்னு சொன்னீகளே, அது யாரு?"

"அது செல்லைப் பெருகச் சொல்ற தகவல்மா. ஈஸ்ட்ரோஜன். மார்பு செல்லுக்கு அது வந்தா பெருகும். உங்க கட்டி அதைக் கேட்டு வளர்ற வகை."

"ஆர்டரு" என்றீர்கள் என்னைப் பார்த்து. "ஏஜெண்டு."

ஆர்டர் வருவது தப்பில்லை. ஆர்டர் கூடக் கூட வேலை கூடும், வேலை கூடக் கூடப் பிழை கூடும். பார்க்க வேண்டிய போர்மேன் இல்லாத ஷெட்டில் சீசன் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வந்த ஹார்மோன் வேலை முடிந்ததும் உடம்பிலேயே தங்கக் கூடாது. ஈரல் அதை உடைத்து வெளியே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உடைக்கும்போது வருகிற சில துண்டுகள் அப்படியே கிடந்தால் அவையே அந்த எழுத்தைக் கெடுக்கக்கூடும். நீங்கள் சொல்லப்போவதை நான் முன்பே அறிந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். "மிச்சம் ராத்தங்கப்படாது" என்றீர்கள். டாக்டரம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் சரி என்றார்.

ஆபரேஷன் ஆனது. கீமோ ஆனது. முடி போனது. ஊர் வைத்தியம் வந்தது. முள்சீத்தா தின்றால் போய்விடும் என்று போனில் படித்தவர்கள் எல்லாரும் கூடையோடு வந்தார்கள். பிராய்லர் கோழிதான் காரணம் என்று ஒருவர், வெடி ஆபீஸ் காற்று என்று ஒருவர், ஏழரைச் சனி என்று ஒருவர். ஹாலில் உட்கார்ந்து இவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வதை நீங்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சினிமா போலப் பார்ப்பீர்கள்.

பரிசோதனை முடிவும் வந்தது. அந்த மரபணுவில் ஒரு பிரதி பழுது, உங்கள் அம்மா வழியில். என் அம்மா அதற்குத் தீர்ப்பு எழுதினார். "அவ ஆத்தாகிட்ட இருந்து கொண்டாந்துட்டா நம்ம வீட்டுக்கு." உங்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார், விழுந்தது. நீங்கள் அடுப்படியில் இருந்து காபித் தம்ளரோடு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தீர்கள்.

"அத்தை, எங்க அம்மாவை எந்த வீட்ல இருந்து கட்டிக் குடுத்தாக?"

"இது என்ன கேள்வி, இங்கன இருந்துதான்."

"நகை, பாத்திரம், கட்டிலு எல்லாம் குடுத்து அனுப்புனீகள்ல? அந்தச் சீரோட இதையும் சேத்துத்தான் அனுப்பியிருக்கீக. எங்க அம்மாவுக்கு அது தாத்தா குடுத்ததோ ஆச்சி குடுத்ததோ, ரெண்டு பேரும் இந்த வீடுதான். நான் பத்திரமா வச்சிருந்து திருப்பிக் கொண்டாந்து சேத்துட்டேன். சரிபாத்துக்கோங்க."

அம்மா என்னைப் பார்த்து, "ஏன்டா, இவ என்ன சொல்றா?" என்றார். நான் விளக்கினேன். அப்பாவின் இரண்டு சகோதரிகளுக்கும் போயிருந்தால் அப்பாவிடமும் இருந்திருக்கலாம். அப்பாவிடம் இருந்திருந்தால் அண்ணனிடமும் என்னிடமும் இருக்கலாம். என்னிடம் இருந்தால் பவியிடம்.

பவியின் பெயர் வந்ததும்தான் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். உங்களுக்குப் பிள்ளை இல்லை. பவி எனக்குப் பிறந்து, தாய் போன பிறகு உங்களிடம் வளர்ந்த பெண். அப்போதுதான் சாத்தூரில் இருந்து ஒரு நல்ல இடம் கேட்டு வந்திருந்தது.

"ஆம்பளைக்கு ஏதுடி மாரு?" என்றார் அம்மா. "ரத்தம் குத்தம்னு எதுவும் எடுக்க வேணாம். வெளிய தெரிஞ்சா பிள்ளையை எவன் கட்டுவான்?"

"ஒங்க மகனுக்கும் கொஞ்சூண்டு இருக்கு அத்தை, சட்டையைக் கழத்திப் பாருங்க" என்றீர்கள். பிறகு என்னிடம் திரும்பினீர்கள். கேலி இல்லாத குரலில், "ஏலே, நீ முதல்ல எடு. ஒனக்கு இல்லைன்னா அந்தப் பிள்ளைக்கும் இந்த வழியில இல்ல. அவளைத் தொட வேண்டியதே இல்ல. இருந்தா, அதுக்கப்புறம் அவ யோசிக்கட்டும். அம்புட்டுதான்."

நான் ரத்தம் கொடுத்துவிட்டேன். முடிவு வருவதற்குள் சாத்தூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா நிதானமான மனுஷி. சேவு, காபி, குலதெய்வம் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அவர் கண் உங்கள் தலைத்துணியில் நின்றதை என் அம்மா பார்த்துவிட்டார். "நேத்திக்கடன். மொட்டை போட்டிருக்கா" என்றார். சொல்லும்போது சாமி படத்தைப் பார்க்கவில்லை என்பது மட்டும் அவர் நேர்மை.

"இல்லைங்க. கேன்சரு" என்றீர்கள் நீங்கள்.

அண்ணன் சேவைக் கீழே வைத்தான். நான் பவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாளே அவளிடம் கேட்டுக்கொண்டுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"மறைச்சுக் கட்டிக் குடுக்கிறதுல எங்களுக்கு இஷ்டமில்ல" என்று தொடர்ந்தீர்கள். "இந்த வீட்டு வழியில இது வருது. இவருக்குப் பாத்திருக்கோம், இன்னும் முடிவு வரல. இருந்தா பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. இருக்குன்னா நோயின்னு அர்த்தமில்ல. வருஷா வருஷம் பாத்துக்கிட்டா முளையிலயே பிடிச்சிரலாம்."

அந்த அம்மா காபியை முடித்தார். "இது பொம்பளை வழியில வர்றதுல்ல? ஆம்பளை மூலமாவுமா வரும்?"

"வரும்க. அவுகளுக்கு நோயா வர்றது கம்மி. ஆனா கொண்டுபோய் எறக்கிருவாக. லோடு லாரி மாதிரி."

அவர் எழுந்து, பவியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் அம்மா உங்களோடு பேசவில்லை. சாப்பாடு பரிமாறுவார், பேச மாட்டார். நீங்கள் அதையும் பயன்படுத்திக்கொண்டீர்கள். அவர் மறுத்துப் பேச முடியாத நேரமாகப் பார்த்து, வைக்கக் கூடாத இடத்தில் எல்லாம் பாத்திரத்தை மாற்றி வைத்தீர்கள்.

பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. சாத்தூர் அம்மாதான். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டீர்கள்.

"நீங்க சொன்னதைக் கேட்டுட்டு வந்து, எங்க வீட்ல யாருக்கும் இது இல்லன்னு நிம்மதியா இருந்தேன். அப்புறம் ஒரு யோசனை. கட்டிக் குடுத்தவுகளையும் சேத்து எண்ணிப் பாத்தேன். எங்க சின்ன நாத்தனாருக்கு இருந்திருக்கு. கோயில்பட்டியில இருந்தாக. எங்களுக்கு அது கணக்குலயே இல்ல. ... எங்க பையனுக்கும் எங்க கூட்டிட்டுப் போய்ப் பாக்கணும்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு நீங்கள் என் அம்மாவைப் பார்த்தீர்கள். அம்மா, அத்தனை நாளுக்குப் பிறகு முதல் வார்த்தையாக, "அந்தக் குத்துச்சட்டியை எங்க வச்ச?" என்றார்.

என் முடிவு வந்தது. என்னிடம் இருந்தது. உங்களுக்கு எந்த இடத்தில் பிழையோ அதே இடத்தில், அதே பிழை. இருபது வயதில் உங்கள் விடைத்தாளைப் பார்த்து எழுதி ஒரு பரீட்சையில் தேறியவன் நான். இந்த ஒற்றுமை எனக்கு ஆச்சரியமாக இல்லை. மாப்பிள்ளைக்கு எதுவும் இல்லை என்று வந்தது. பவி யாரையும் கேட்காமல் தானே போய் ரத்தம் கொடுத்தாள். அவளிடமும் இருந்தது.

அன்றைக்கு அவள் நேராக உங்களிடம்தான் வந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தைரியம் இல்லாமல் நின்றேன். நீங்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தட்டில் இருந்த கொய்யாவை அறுத்துக் கொடுத்தீர்கள்.

"ஒரு போர்மேன் லீவு. சரி. இன்னொருத்தன் தெம்பா இருக்கான்ல? எனக்கு இது தெரியறப்ப சோலி முடிஞ்சிருச்சு. ஒனக்கு எதுவும் நடக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு. எம்புட்டுப் பெரிய வித்தியாசம் தெரியுமா? ஒனக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். நாலு மணி ரவுண்டு. வருஷத்துக்கு ஒருக்க, மழையோ வெயிலோ, போயிட்டு வந்துரணும். ஒன் அப்பனையும் இழுத்துட்டுப் போ. அவன் ஒரு சோம்பேறி."

"பெரியம்மா, பயமா இருக்கு" என்றாள் பவி.

"எனக்கும் தினம் நாலு மணிக்கு பயமாத்தான் இருக்கும். அதுக்காகத்தான போறேன்."

கல்யாணத்தில் நீங்கள் முதல் வரிசையில், புதிதாக முளைத்த அரை அங்குல முடியோடு உட்கார்ந்திருந்தீர்கள். சாத்தூர்ப் பிள்ளைகள் அதை ஸ்டைல் என்று நினைத்து, எந்தக் கடையில் வெட்டியது என்று கேட்டன. மதுரையில் என்றீர்கள். அதில் பொய் இல்லை.

அதற்குப் பிறகு உங்களுக்குக் கிடைத்த வருஷங்களை நீங்கள் வீணாக்கவில்லை. சினைப்பையை எடுத்த பிறகும் எதற்குத் தினமும் மாத்திரை என்று அண்ணன் கேட்டபோது நீங்கள் சொன்ன பதில் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. சினைப்பை என்ற ஆபீஸை மூடிவிட்டாலும் கொழுப்புச் சதை கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஹார்மோனைச் செய்துகொண்டே இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "லைசென்ஸ் இல்லாம வீட்டுக்குள்ள வச்சு வெடி சுத்துறாகள்ல, அதே சோலிதான். இந்த மாத்திரைதான் ரெய்டு" என்றீர்கள். அண்ணனுக்கு அதோடு புரிந்துவிட்டது. தொந்தி உள்ளவர்களை எல்லாம் அவன் பிறகு சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தான், தன்னைத் தவிர.

அது திரும்பி வந்தது. எலும்புக்கு வந்தது. அதைப் பற்றி நான் நிறைய எழுதப்போவதில்லை. நீங்களும் நிறையப் பேசவில்லை. ஆபீஸை ஒரு ஆளிடம் ஒப்படைக்கும்போது அவரை உங்கள் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்து ரவுண்டு போகிற வரிசையை ஒப்பிக்கச் சொன்னீர்கள். ஒரு ஷெட்டை விட்டுவிட்டார். முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள். கடைசி வரை உங்களுக்கு வந்த கோபங்களில் அதுதான் பெரியது. நீங்கள் போய் நாலு தீபாவளி ஆகிறது.

அண்ணன் ரொம்ப நாள் தட்டிக்கழித்துவிட்டு, நீங்கள் போன பிறகுதான் பரிசோதனைக்குப் போனான். அவனிடம் இல்லை. போனில் என்னிடம், "எனக்கு இல்லையாம்லே" என்றான். நல்ல செய்தியைச் சொல்கிற குரல் இல்லை அது. உங்களோடு பங்கு இருக்கும் என்று நினைத்த ஒன்றில் தனக்குப் பங்கு இல்லை என்று தெரிந்தவன் குரல். இப்போது வத்தல் வாங்க வருகிறவர்கள் யாராவது வீட்டில் சுகமில்லை என்று சொன்னால் போதும். பேரத்தை நிறுத்திவிட்டு, "டாக்டர் கேட்டா கட்டிக் குடுத்தவுகளையும் சேத்துச் சொல்லுங்க" என்கிறான். பாதிப் பேருக்குப் புரிவதில்லை. வத்தல் விலையில் ஏதோ சூட்சுமம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

இன்று காலை ரோஸ் அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் வராந்தாவில் காத்திருந்தேன். பவிக்குப் பக்கத்து அறையில் வேறு ஸ்கேன். குழாய்க்குள் படுக்க வைத்து எடுப்பது. அவள் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, இந்த வருஷமும் ரோஸா?" அவளுடைய மூன்று வயது மகளைச் சாத்தூர் அம்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் ரவுண்டு போகும் நாளில் அந்த அம்மாதான் துணைக்கு வருகிறார். குழந்தைக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். என் அம்மா கொள்ளுப் பேத்தியைப் பெயர் சொல்லித் திட்டும்போது வீட்டில் எல்லாருக்கும் பழைய நாள் போலத்தான் இருக்கிறது. அவள் வளர்ந்ததும் என்ன செய்வாள் என்று தெரியாது. ஆனால் டாக்டர் கேட்டால் சொல்லச் சரியான பதில் அவளுக்காகத் தயாராக இருக்கிறது. எங்கள் வீட்டில் இருக்கிறது. கட்டிக்கொடுத்தவர்களையும் சேர்த்து ஆறு பேருக்கு. எல்லாரையும் எண்ணியாகிவிட்டது.

மாலையில் இருவர் படத்தையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா அடுத்த வருஷம் வரச் சொன்னார். காரில் ஏறும்போது போன் அடித்தது. என் அம்மா. இத்தனை வருஷமும் அந்த நோயின் பெயரை வாயால் சொல்லாதவர், இன்றும் சொல்லவில்லை.

"என்னடா, ரவுண்டு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"மிச்சம் எதுவும் இல்லையே?"

"இல்லம்மா. ஷெட்டு சுத்தம்."

"அப்பச் சரி. வர்ற வழியில பிள்ளைக்குச் சேவு வாங்கிட்டு வா" என்று வைத்துவிட்டார்.

விருதுநகர் வந்து சேரும் வரை உங்களை நினைத்துக்கொண்டே ஓட்டினேன், மதினி. நீங்கள் விட்டுப்போனது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. ஆனால் என் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும், அதே பக்கத்தில், அதே வரியில், உங்களுக்கும் எனக்கும் ஒரே பிழை இருக்கிறது. அத்தை ஒரு பிரதியைக் கொண்டுபோனார், அப்பா ஒரு பிரதியை வைத்துக்கொண்டார். இன்னொரு போர்மேன் இப்போதைக்கு வேலையில் இருக்கிறார். நான் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். தினமும் நாலு மணிக்கு, அச்சகத்தில் எந்தப் பனிமலை ஓடிக்கொண்டிருந்தாலும், என்னை அறியாமல் ஒரு தடவை எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.